ஹாரனில் ஓடிய கார்

என் மகள் கண்டுபிடித்தது இதுதான்: ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. அதை "என்னென்னவோ ஆகிவிட்டது" என்று மாற்றப் பெரியவர்களான எங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை.

நான் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்றால் ஒரு கார், ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை. முதலாளி, ஆசிரியர், காலையில் கார் துடைப்பவர் எல்லாம் நானேதான். காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. உலகத்திலேயே என் பேச்சு எடுபடும் இடம் அந்தப் பிரேக் ஒன்றுதான். வீட்டில் அந்த வசதி கிடையாது.

மகளை வீட்டில் 'வக்கீல்' என்று கூப்பிடுவோம். "சாப்பிட வா" என்றால் "ஏன், இப்ப என்ன அவசரம்?" என்று கேட்கிற பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த அந்த விடுமுறையில், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் என் காரின் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் சிக்னலில் நின்றிருந்தோம். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரிடம் வழக்கம்போலச் சொன்னேன்:

"பச்சை விழுந்ததும் ஹாரன் அடிங்க. இல்லேன்னா முன்னாடி நிக்கறவன் அங்கயே குடித்தனம் பண்ணிடுவான்."

பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா, ஹாரன் அடிச்சா அவர் சீக்கிரம் கிளம்புவார்னு எப்படித் தெரியும்?"

"எத்தனை வருஷமா அடிக்கறேன்! எனக்குத் தெரியாதா?"

"அடிக்காம எத்தனை தடவை பார்த்திருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

மறுநாள் முதல் அவள் ஆராய்ச்சி தொடங்கியது. ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நாணயத்தைச் சுண்டுவாள். தலை விழுந்தால் ஹாரன். பூ விழுந்தால் மௌனம். பச்சை விழுந்ததற்கும் முன்னால் நிற்கும் வண்டி நகர்வதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கைபேசியில் அளப்பாள். விடுமுறை முடிவதற்குள் இருநூறு தடவைக்கு மேல் அளந்துவிட்டாள். கூட்டினாள், வகுத்தாள், கோடு போட்டாள். கடைசியில் ஒரு சாப்பாட்டு வேளையில் தீர்ப்பு வந்தது.

"ஒரு வித்தியாசமும் இல்லப்பா. அடிச்சா திரும்பி முறைக்கிறாங்க. முறைச்சிட்டு, அடிக்கலேன்னா எப்பக் கிளம்புவாங்களோ அப்பதான் கிளம்பறாங்க."

என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். "இது பெரிய விஷயம்தான்" என்றாள். "ஒரு மாத்திரை வேலை செய்யாதுன்னு தெரிஞ்சா அதை முழுங்காம இருக்கலாம் இல்லையா?" பிறகு என்னைப் பார்த்தாள். "சத்தம் போட்டா ஒண்ணும் நடக்காதுன்னு கண்டுபிடிக்க இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேணாம். என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான மறு வருஷமே சொல்லியிருப்பேன்."

பள்ளி திறந்தது. மாணவர்களுக்கான மாபெரும் அறிவியல் போட்டி என்று அறிவிப்பு வந்தது. முதலில் பள்ளி அளவில், பிறகு வட்டார அளவில், அதில் தேறியவர்களுக்கு இறுதிச் சுற்று. முதல் பரிசு பெறுபவர் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் தங்கி, அங்குள்ள விஞ்ஞானிகளோடு வேலை செய்யலாம். அந்த வரியைப் படித்த அன்று வக்கீல் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. கூப்பிட்டவுடன் சாப்பிட வந்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பெயர் கொடுக்கப் போனோம். போட்டிக்கு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, அதற்கு மேல் இன்னொரு அடையாள அட்டை. அவர் கேட்டார்:

"இயங்கும் மாதிரியா, இயங்காத மாதிரியா?"

"மாதிரி இல்ல சார். அளந்து பார்த்தது" என்றாள் மகள்.

"சரிம்மா. அளந்தது இயங்குமா, இயங்காதா?"

"அது ஒரு உண்மை சார்."

அவர் விதிமுறைகளைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "உண்மைக்குத் தனிப் பிரிவு இல்லையேம்மா. போன வருஷமும் யாரும் கொண்டுவரலை."

"ஒண்ணும் ஆகலைங்கறதுதானே முடிவு, இயங்காத மாதிரியில போடலாமே சார்?" என்று நான் உதவிக்கு வந்தேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு அடி பின்னால் போனேன்.

ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "சார், நான் எத்தனையோ போட்டி நடத்தியிருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. விஞ்ஞானம்னா பார்க்கறவங்க 'அட!'ன்னு சொல்லணும். 'அப்படியா?'ன்னு சொன்னா அது ஆறுதல் பரிசு. 'ஏன்?'னு கேட்டா, அது தகராறு. உங்க பொண்ணு கொண்டுவந்திருக்கறது மூணாவது ரகம். ஒரு பிளக் வையுங்க. ஒரு லைட் எரியட்டும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மனிதர் சொன்னதில் தப்பு ஏதும் எனக்குத் தெரியவில்லை. நேராக என் மெக்கானிக்கிடம் போனேன். அவன் என் பழைய காரின் ஹாரனைக் கழற்றிக் கொடுத்தான். ஒரு பலகையில் சின்ன சிக்னல் விளக்கு, அதன் முன் ஒரு பொம்மைக் கார். ஹாரனை அழுத்தினால் பொம்மை நகராது; பச்சை விழுந்தால்தான் நகரும். பின்னால் ஒரு அட்டையில் மகளின் அளவுகள், கோடுகள், முடிவு. அவளுக்கும் அது பிடித்திருந்தது.

பள்ளி அளவில் தலைமையாசிரியை வந்து ஹாரனை அழுத்தினார். அந்தக் கட்டடம் அதுவரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது. மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். அட்டையை அவர் படிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் படிக்கவில்லை; ஹாரனுக்கு வரிசையில் நின்றார்கள். முதல் பரிசு.

ஆனால் மதிப்பெண் தாளில் ஒரு குறை எழுதப்பட்டிருந்தது: 'ஹாரன் அடித்தும் வாகனம் நகரவில்லை. வட்டாரப் போட்டிக்குள் சரிசெய்யவும்.'

"அப்பா, நகராததுதான் முடிவே" என்றாள் மகள்.

"தெரியும்மா. ஆனா சரிசெய்யச் சொல்லியிருக்காங்களே?"

மெக்கானிக் ஒரு வயரை எடுத்து ஹாரனுக்கும் பொம்மைக் காரின் மோட்டாருக்கும் நடுவே இணைத்தான். நான்தான் டார்ச் பிடித்தேன். இப்போது ஹாரனை அழுத்தினால் கார் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"இது நான் கண்டுபிடிச்சதுக்கு நேர் எதிர், அப்பா!"

"முதல்ல ஜெயிச்சிடும்மா. உண்மையை அப்புறம் சொல்லிக்கலாம். உண்மை எங்க போயிடப் போகுது?"

அவள் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. எதிரே பேசாமல் சாப்பிடுகிற பிள்ளையிடம், அவள் எதிர்காலத்துக்காகத்தான் பொய் சொல்கிறேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் விளக்கம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

வட்டாரப் போட்டியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நடுவராக வந்தார். ஹாரனை அழுத்தினார். கார் ஓடியது. குனிந்து காரைப் பார்த்தார், நிமிர்ந்து ஹாரனைப் பார்த்தார்.

"இதுல பெட்ரோல் எங்க ஊத்தறது?"

"பெட்ரோல் கிடையாது சார்" என்றாள் மகள். "இது வெறும் பொம்மை. நான் அளந்தது என்னன்னா..."

"பெட்ரோல் கிடையாது" என்று அவர் குறித்துக்கொண்டார். "அப்ப சத்தத்துலதான் ஓடுது."

அவள் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. ஒரு மேசைக்கு இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு வைத்து, மணி அடித்து நடுவர்களை நகர்த்துவார்கள். அவர் நகர்ந்துவிட்டார். சாயங்காலம் பரிசு அறிவித்தபோது எங்கள் படைப்பின் பெயர் 'ஒலியால் இயங்கும் எதிர்கால வாகனம்' என்று மாறியிருந்தது. மறுநாள் உள்ளூர் நாளிதழில் செய்தி: ஹாரனில் ஓடும் கார், மாணவி சாதனை. படத்தில் ஒருங்கிணைப்பாளர் ஹாரனில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் என் மகளின் ஒரு காது தெரிந்தது.

அந்த வாரம் டிரைவிங் ஸ்கூலுக்குக் கூட்டம் வந்தது. "அந்த ஹாரன் கார்லயே கத்துக்குடுப்பீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். "ஆராய்ச்சி நிலையில இருக்கு" என்றேன். சொல்லும்போது குரலை ஏன் தாழ்த்திக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தொடங்கினார். நானும் நடையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

"விஞ்ஞானியோட அப்பாவுக்குக் குப்பையைக் கொட்ட நேரம் இருக்குமா?" என்று மனைவி வாளியை நீட்டினாள். இருந்தது.

இறுதிச் சுற்று ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. புரவலர் ஒரு மெத்தைத் தொழிற்சாலை அதிபர். அவரே தலைமை விருந்தினர். வரும்வரை எல்லோரும் நின்றார்கள். வந்ததும் பேசினார்.

"மாணவச் செல்வங்களே! கேள்வி கேளுங்கள்! யாருக்கும் அஞ்சாமல் கேள்வி கேளுங்கள்! நான் பள்ளியில் அறிவியலில் தேறவில்லை. ஏன் என்று அன்று ஆசிரியர் கேட்டார், பதில் சொல்லவில்லை. இன்று அவர் என் மெத்தையில் தூங்குகிறார். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? எனவே கேள்வி கேளுங்கள்!"

முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். தொண்டர் ஒருவர் ஓடிவந்து, "இப்ப இல்லம்மா, இப்ப இல்லம்மா" என்று அந்தக் கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் கைதட்டினேன். பலமாகவே தட்டினேன். பேச்சு முடிந்து எங்கள் மேசைக்குத் திரும்பினால், மகள் மேசைக்கு அடியில் இருந்தாள்.

"என்ன பண்றே?"

"வயரைப் பிடுங்கறேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. சந்தோஷப்படுவதா பதறுவதா என்று தெரியவில்லை. "ஆய்வுக்கூடம் வேணாமா உனக்கு?" என்றேன்.

"வேணும்ப்பா. ரொம்ப வேணும்." அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா அங்க போய் நிக்கறப்ப, நீ என்ன கண்டுபிடிச்சேன்னு அவங்க கேட்டா? கார் ஹாரன்ல ஓடும்னா சொல்றது?"

எழுந்து, பழைய அட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். தலைமை நடுவர் முன்னால். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் பின்னால், தோளில் பையோடு ஓர் அம்மாள். பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர், மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வருகிறவர் போல.

"இதுதான் சார் அந்த ஹாரன் கார்!"

தலைமை நடுவர் ஹாரனை அழுத்தினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. கார் அசையவில்லை.

"ஓடலையே?"

"ஓடாது சார்" என்றாள் மகள். "அதுதான் முடிவு."

"தொழில்நுட்பக் கோளாறு சார், ஒரே நிமிஷம்" என்று ஒருங்கிணைப்பாளர் என் முதுகில் கை வைத்தார். நான் எப்படிக் குனிந்தேன் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கணம் மேசைக்கு அடியில் இருந்தேன். மேசைவிரிப்பு தரைவரை தொங்கியதால் பாதி இருட்டு. ஒரு கையில் ஹாரன் வயர், மறு கையில் மோட்டார் வயர். இரண்டையும் தொட வைத்தால் போதும். மேலே ஆய்வுக்கூடம், என் கையில் இரண்டு செப்புக் கம்பிகள்.

அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். பளபளப்பான கறுப்பு ஷூக்கள் பொறுமையில்லாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜோடி தேய்ந்த செருப்பு முன்னால் வந்தது.

"எத்தனை தடவை அளந்தேம்மா?" பெண் குரல்.

இதைப் பள்ளியிலும் யாரும் கேட்கவில்லை, வட்டாரத்திலும் கேட்கவில்லை. வீட்டில் நான்கூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி இத்தனை நாள் கழித்து அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"இருநூறுக்கு மேல, மேடம்."

"எப்ப அடிக்கறது, எப்ப அடிக்காம இருக்கறதுன்னு யார் முடிவு பண்ணினது?"

"காசு சுண்டினேன் மேடம். அப்பாகிட்ட விட்டா, முன்னாடி பெரிய கார் நின்னா அடிக்க மாட்டார். சின்ன வண்டின்னா அடிப்பார். அப்ப முடிவு கோணிடும்."

மேசைக்கு அடியில் எனக்கு முகம் சுட்டது. உண்மைதான். ஆனால் இதை இவள் எப்போது கவனித்தாள்?

"முன்னாடி இருக்கறவங்க முறைச்சாங்கன்னு எழுதியிருக்கே. அதை எப்படி அளந்தே?"

மகள் பேசத் தொடங்கினாள். வீட்டில் என்னோடு வாதாடும்போது வரும் குரல் இல்லை. அவசரமில்லாத, தெளிவான, இடையிடையே சிரிக்கிற ஒரு குரல். மழைநாளில் எடுத்த அளவுகளை ஏன் தனியாக வைத்தாள், எங்கே தவறியிருக்கலாம் என்று தன் குறைகளைத் தானே எடுத்து வைத்தாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று கேட்டார். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. மணி அடித்தது. ஷூக்கள் எல்லாம் அடுத்த மேசைக்குப் போய்விட்டன. செருப்பு மட்டும் நகரவில்லை.

என் கையில் இரண்டு கம்பிகளும் தனித்தனியாகவே இருந்தன. அதை வீரம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சுக்கு நடுவே மறுபடி ஹாரனை அடிக்க வைத்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"அடுத்து என்ன அளக்கப்போறே?" என்றார் அந்த அம்மாள்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன் மேடம். ஆனா அப்பா கீழதான் இருக்கார்."

விரிப்பு விலகியது. கண்ணாடி போட்ட முகம் ஒன்று குனிந்து என்னைப் பார்த்தது. "வணக்கம்" என்றார். நானும் மண்டியிட்டபடியே இரண்டு வயரோடும் கும்பிட்டேன்.

அந்த அம்மாள் நிஜமாகவே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. வரவேண்டிய நடுவர் ஒருவர் வராததால் கடைசி நேரத்தில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். புதியவர் என்பதால் அவருக்கு ஒரே ஒரு அம்சத்துக்குத்தான் மதிப்பெண் போடும் உரிமை: மேசையின் தூய்மை.

முதல் பரிசு, தலைமை விருந்தினர் மேல் பூத்தூவும் ஒரு இயந்திரத்துக்குப் போனது. ஆய்வுக்கூடத்துக்கும் அதன் சொந்தக்காரன்தான் போகிறான். எங்கள் பெயர் கடைசியில் வாசிக்கப்பட்டது: 'தூய்மைக்கான சிறப்புப் பரிசு; நூற்றுக்கு நூறு.' மேசைக்கு அடியில் இருந்த தூசு முழுவதும் அப்போது என் கால்சட்டையில் இருந்ததால், அந்தத் தீர்ப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மெத்தை அதிபர் கேடயத்தைக் கொடுத்து, "கை கழுவும் பழக்கம் நல்ல பழக்கம்மா" என்றார். மகள் அதை வாங்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி வந்தாள். தோற்றுப்போன பிள்ளை மாதிரியே இல்லை. "அவங்க நம்பர் குடுத்திருக்காங்கப்பா. சந்தேகம் வந்தா கூப்பிடச் சொன்னாங்க" என்றாள்.

"கொஞ்சம் அழுதிருந்தா இன்னும் நல்ல பரிசா குடுத்திருப்பாங்க" என்றேன்.

"அப்பா!"

"இல்லம்மா, சும்மா சொன்னேன்." பிறகுதான் மேசைக்கு அடியில் காதில் விழுந்தது நினைவுக்கு வந்தது. "அது சரி, அடுத்தது என்னமோ சொன்னியே, என்ன அது?"

மறு வாரமே தெரிந்துவிட்டது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவரைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் கத்தினால், அவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறாரா? இதுதான் புது ஆராய்ச்சி. கத்துகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியிடம் நான் எப்போதும்போல் இருக்கலாம். மறு பாதியிடம் பிரேக் போடலாம், கத்தக் கூடாது.

கத்தாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பல் டாக்டர் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று நேராகச் சுவரை நோக்கிப் போனார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கதவுப் பிடியைப் பிடித்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பின் இருக்கையில் வக்கீல் குறித்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடக் கத்தல் அத்தனையும் வீணா? "நல்லாப் பாரும்மா. கொஞ்சம்கூடவா இல்லை? கூட்டல்ல ஏதாவது தப்பு இருக்கும்."

அவளும் அந்த அம்மாளை அழைத்துச் சொன்னாள். "கத்தறது அவங்களுக்குச் சரியாக் கேக்குதான்னு பார்த்தியா?" என்று அவர் கேட்டாராம். மறுநாள் பாடம் முடிந்ததும் பல் டாக்டரிடம் அதையே கேட்டாள்.

டாக்டர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, காதிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தார். அடுத்த காதிலிருந்து இன்னொன்று. "தப்பா நினைக்காதீங்க சார். முதல் நாளே வெளியில காத்திருக்கறப்ப ஒருத்தர் சொன்னார், உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் வருவாங்கன்னு."

விசாரித்ததில் அது உண்மை என்று தெரிந்தது. எடுத்த அளவு ஒன்றும் உதவாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மகளுக்கு ஒரே உற்சாகம். ஆராய்ச்சிக்காகப் பஞ்சில்லாமல் வரும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இதுவரை ஒருவரும் சம்மதிக்கவில்லை.